இலையும் இன்ஹேலரும்

(ஜீவனஹள்ளியில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் சங்க இலக்கியத்தைப் பற்றியும் கம்பன் காவியத்தைப் பற்றியும் பேசக் கேட்டிருக்கிறோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு அத்தகைய பொருள்களில் பேச அருகதை இல்லை. ஆயினும், "உமக்குத் தெரிந்த ஒன்றைப் பேசும், பிறருக்குப் பயன்படும்" என்று செயலாளர் வற்புறுத்தினார். எனக்குத் தெரிந்தது ஒன்றே. என் மகளின் மூச்சை இரவெல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனுக்குத் தெரிந்தவற்றையே இன்று கூற வந்திருக்கிறேன். நான் டாக்டரும் அல்லேன், சித்த வைத்தியனும் அல்லேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இரைப்பு என்றும், ஈளை என்றும், இழுப்பு என்றும், நம் வீடுகளில் "வீசிங்" என்றும் வழங்கும் ஆஸ்துமா நோயைப் பற்றியதே என் பேச்சு. அதற்கு ஆங்கில மருந்தும் நம் நாட்டு மருந்தும் ஒருங்கே கைக்கொள்ளலாமா, கைக்கொள்வதாயின் எவ்வாறு என்பதே கேள்வி.

நம் ஊரும் நம் மூச்சும்

1864ஆம் ஆண்டு சென்னையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மென்ட்டுக்கு இரும்புப் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையின் வழியே ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் பலர் இங்கு வந்து குடியேறினர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரின் குளிர்ந்த காற்று உடலுக்கு நலம் தரும் என்று அக்காலத்தில் புகழப்பட்டது. இன்று அக்காற்றே நம் குழந்தைகள் பலருக்குப் பகையாய் நிற்கிறது.

இது என் கற்பனை அன்று. பெங்களூரின் குழந்தை மருத்துவ நிபுணர் டாக்டர் எச். பரமேஷ், தம் மருத்துவமனைக்கு வந்த பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறாரை இருபது ஆண்டுக் காலம் கணக்கெடுத்தார். 1979ஆம் ஆண்டில் அவர்களில் 9 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா இருந்தது. 1999ஆம் ஆண்டில் அது 29.5 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இது மருத்துவமனைக்கு வந்தோரின் கணக்கேயன்றி ஊர் முழுவதற்குமான கணக்கன்று. ஆயினும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை அறிய இதுவே போதும்.

மற்றொரு கணக்கு இதைவிடக் கொடியது. 2019ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரே இந்தியர். ஆனால் ஆஸ்துமாவால் மாண்டவர்களில் 42 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் நம் நாட்டவர். நோயில் எட்டில் ஒரு பங்கு, சாவில் ஐந்தில் இரண்டு பங்கு! இந்த வேறுபாடு எதனால் வந்தது? நோயின் கடுமை மட்டும் இதற்குக் காரணமன்று. கொள்ள வேண்டிய மருந்தைக் கொள்ளாமையும், கொண்டதை இடையில் நிறுத்துவதுமே பெருங்காரணங்கள் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அவ்வாறு நிறுத்தியவர்களுள் நானும் ஒருவன்.

நான் செய்த பிழை

2018ஆம் ஆண்டு. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வயது முதலே அவளுக்கு இழுப்பு உண்டு. காலையும் மாலையும் ஒருவகை இன்ஹேலரும், மூச்சு முட்டும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரும் என டாக்டர் எழுதித் தந்திருந்தார். அதனால் அவள் பள்ளிக்குச் சென்றாள், ஓடினாள், ஆடினாள். ஆயினும் என் உள்ளத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதாமே! பெண் குழந்தை ஆயிற்றே! பழக்கமாகிவிட்டால் ஆயுள் முழுதும் விடாதாமே!" என்று காண்போரெல்லாம் கூறினர்.

அந்நிலையில், உறவினர் ஒருவர் மூலம் ஒரு மனிதர் அறிமுகமானார். பச்சிலைச் சூரணம் ஒன்றைத் தருவதாகவும், தொண்ணூறு நாளில் நோய் வேரோடு அறும் என்றும், ஆனால் ஆங்கில மருந்தை அறவே நிறுத்திவிட வேண்டும் என்றும் அவர் கூறினார். நானும் நிறுத்தினேன். என் மாமியார் மட்டும், "மாப்பிள்ளை, நான் வைத்துக் கொடுக்கும் தூதுவளை ரசத்திற்காக எந்த மருந்தையும் நிறுத்தச் சொன்னதில்லையே! இவர் ஏன் சொல்கிறார்?" என்று கேட்டார். எழுத்தறியாத அம்மூதாட்டியின் கேள்வி, பேரேடு எழுதும் என் மண்டையில் ஏறவில்லை.

முதல் இரண்டு மாதங்கள் அற்புதமாய்க் கழிந்தன. இருமல் இல்லை, இழுப்பு இல்லை. பசி அதிகரித்தது, குழந்தையின் கன்னம் பூரித்தது. "பாருங்கள், உடம்பு தேறிவிட்டது" என்று நானே அனைவரிடமும் பெருமை பேசினேன். பின்னர்ச் சூரணம் தீர்ந்தது. அம்மனிதரைத் தேடிச் சென்றபோது அவர் இடம் மாறிப் போயிருந்தார்.

மார்கழிக் குளிரில் ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும். மகள் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் கட்டிலில் ஊன்றி, தோள்களை உயர்த்தி மூச்சுக்குத் தவித்தாள். "அப்பா" என்ற ஒரு சொல்லை முழுதாகச் சொல்ல அவளால் இயலவில்லை. நீல இன்ஹேலரைத் தேடினோம். மூலையில் கிடந்த அது, மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் காலாவதியாகி இருந்தது. ஆட்டோவில் ஏற்றிச் சென்றோம். அன்று இரவும் மறுநாள் பகலும் அவளுக்குப் பிராணவாயு செலுத்தினர். தண்டவாளத்திற்கு அருகே வாழ்ந்து பழகிய எனக்கு, இரவில் ரயில் ஓசை கேட்டு விழிப்பு வருவதில்லை. ஆனால் அன்று கேட்ட அந்த மூச்சின் ஓசை இன்றும் என்னை நள்ளிரவில் எழுப்புகிறது.

மூன்றாம் நாள் அங்கிருந்த மூத்த பெண் டாக்டர் எங்களை அழைத்து நடந்ததை எல்லாம் கேட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கூறியது இது: "ஐயா, முகம் உப்பியதும், பசி மிகுந்ததும், நிறுத்தியவுடன் நோய் பாய்ந்து வந்ததும் ஸ்டீராய்டின் அடையாளங்கள். பொட்டலம் தீர்ந்துவிட்டதால் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆயினும் அச்சூரணத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கக்கூடும் என்றே எண்ணுகிறேன். நீங்கள் மைக்ரோகிராமுக்கு அஞ்சி மில்லிகிராமிடம் போய்ச் சேர்ந்தீர்கள்."

அந்த வாக்கியத்தின் பொருளை அவரே விளக்கினார். இன்ஹேலரின் ஒரு வீச்சில் உள்ள ஸ்டீராய்டு பெரும்பாலும் நூறு, இருநூறு மைக்ரோகிராம் அளவே. அதுவும் நேரே மூச்சுக்குழலுக்குச் செல்கிறது. ஓராயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். மாத்திரையாக விழுங்கும்போதோ பல மில்லிகிராம்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் பரவுகின்றன. எதைக் கண்டு ஓடினேனோ, அதன் பல மடங்கை அறியாமல் என் கையாலேயே குழந்தைக்கு ஊட்டியிருக்கிறேன்! கணக்கர் வேலை பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய கணக்குப் பிழை வேறுண்டோ?

நோயின் இயல்பு

ஆஸ்துமாவில் மூச்சுக்குழலினுள் மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் அழன்று வீங்குகிறது. சளி மிகுந்து வழியை அடைக்கிறது. நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் இறுகிய தசையை நிமிடங்களில் தளர்த்தும். ஆனால் வீக்கத்தைத் தொடாது. நாள்தோறும் கொள்ளும் மற்றோர் இன்ஹேலரே வீக்கத்தைத் தணிக்கும். அதன் பயன் உடனே கண்ணுக்குத் தெரியாமையால், "இது வேலை செய்யவில்லை" என்று நாம் அதை நிறுத்திவிடுகிறோம். உடனே சுகம் தரும் நீல இன்ஹேலரையே ஓயாமல் நாடுகிறோம். இதன் தீங்கை உணர்ந்தே, 2019ஆம் ஆண்டு முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவினர், வயது வந்தோரும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமால் போன்றவற்றை மட்டும் தனியே நம்பியிருத்தல் கூடாது, வீக்கம் தணிக்கும் மருந்தும் உடன் வேண்டும் என்று அறிவுறுத்தி வருகின்றனர்.

இன்ஹேலர் என்பது கடைசிக் கட்ட மருந்து என்று நம்மில் பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அது குறைந்த அளவு மருந்தைத் தேவையான இடத்தில் மட்டும் சேர்க்கும் எளிய கருவி. அமெரிக்காவில் மருந்து நிறுவனத் தலைவர் ஒருவரின் பதின்மூன்று வயது மகள், ஆஸ்துமாவால் வருந்தியவள், "கூந்தலுக்குத் தெளிக்கும் வாசனைப் புட்டியைப் போல் என் மருந்தையும் செய்யக்கூடாதா?" என்ற கருத்துப்படத் தன் தந்தையிடம் கேட்டாளாம். 1956ஆம் ஆண்டு அவ்வகை இன்ஹேலர் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஒரு குழந்தையின் கேள்வியில் பிறந்த கருவியை நம் குழந்தைகளிடமிருந்து நாம் ஒளிக்கலாமா?

இலையிலிருந்து வந்த ஆங்கில மருந்து

இவ்வளவும் கூறியதால், நான் நாட்டு மருந்தின் பகைவன் என்று யாரும் கருத வேண்டா. மகள் வீடு திரும்பிய பின், இந்நோயைப் பற்றி நூலகத்திலும் டாக்டரிடமும் சித்த வைத்தியரிடமும் கேட்டுக் கேட்டு அறிந்தேன். அப்போது ஒரு வியப்பு காத்திருந்தது. நாம் "ஆங்கில மருந்து" என்று பெயரிட்டு ஒதுக்குபவற்றுள் பல, இலையிலும் வேரிலும் பிறந்தவையே.

ஊமத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புகையை இரைப்புக்கு உட்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் வாயிலாக இதை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்பவர், 1802ஆம் ஆண்டில் அச்செடியைப் பிரிட்டனுக்கு எடுத்துச் சென்றார். ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஊமத்தைச் சுருட்டு ஆஸ்துமா மருந்தாக விற்கப்பட்டது. ஆனால் ஊமத்தை கொடிய நஞ்சு; அளவு சற்று மிகுந்தாலும் சித்தம் கலங்கி உயிர் போகும். விஞ்ஞானிகள் அதன் சத்தாகிய அட்ரோப்பினை ஆராய்ந்து, அதை மாற்றியமைத்து, தீங்கு குறைந்த இப்ராட்ரோப்பியம் என்னும் மருந்தை ஆக்கினர். அந்த மார்கழி இரவில் என் மகளுக்கு நெபுலைசர் வழியே செலுத்திய மருந்துகளில் அதுவும் ஒன்று. சென்னைச் சீமையிலிருந்து புறப்பட்ட ஊமத்தையின் வழித்தோன்றல், உலகைச் சுற்றி வந்து, ஒரு தமிழ்க் குழந்தையின் மூச்சைத் திறந்தது.

இன்னும் கேளுங்கள். தேயிலையில் உள்ள தியோஃபிலின் என்னும் சத்தை 1888ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கோசெல் கண்டறிந்தார். நம் வீட்டு முதியோர் நெடுங்காலம் விழுங்கிய டெரிஃபிலின் மாத்திரையில் அது உண்டு. சீனத்து எபீட்ரா செடியிலிருந்து 1885ஆம் ஆண்டில் ஜப்பானியரான நாகாய் எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். நம் வேலிகளில் வளரும் ஆடாதோடையின் வாசிசின் என்னும் சத்தை ஒட்டியே, சளி இளக்கும் ப்ரோம்ஹெக்சின் உண்டாயிற்று. எகிப்து நாட்டுச் செடி ஒன்றின் சத்தை அடியொற்றிக் குரோமோகிளைகேட் என்ற மருந்தை 1965ஆம் ஆண்டில் கண்டவர் டாக்டர் ரோஜர் ஆல்டூன்யன். அவரே ஓர் ஆஸ்துமா நோயாளி. ஒவ்வொரு கலவையையும் முதலில் தம் மூச்சிலேயே சோதித்துப் பார்த்தார்.

ஆகவே இலைக்கும் இன்ஹேலருக்கும் குலப்பகை ஏதும் இல்லை. இலை பாட்டி, இன்ஹேலர் பேத்தி. ஆனால் பாட்டியிடம் அளவுக்கோல் இல்லை, பேத்தியிடம் இருக்கிறது. வேறுபாடு அதுவே.

சோதனையில் நின்றவையும் நில்லாதவையும்

நம் மூலிகைகளை முறைப்படி சோதித்தவர்களும் உண்டு. நஞ்சறுப்பான் இலையை நாளுக்கு ஒன்றாக ஆறு நாள் மெல்லச் செய்து, டெல்லியில் டாக்டர் சிவ்புரி முதலியோர் 1960களின் இறுதியில் ஆராய்ந்தனர். பயன் இருப்பதாக முடிவு வந்தது. ஆனால் பலருக்கு வாய்ப்புண்ணும் குமட்டலும் உண்டாயின. 1979ஆம் ஆண்டில் வேறு அறிஞர்கள் மீண்டும் சோதித்தபோது, மருந்தற்ற போலி மாத்திரையைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. ஒரு முறை வென்றது மறு முறை தோற்றது. இதனால்தான் எதையும் இருமுறை சரிபார்க்க வேண்டும் என்று எங்கள் கணக்குப் பிரிவிலும் சொல்வார்கள்.

தூதுவளையும் கண்டங்கத்திரியும் 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் சோதிக்கப்பட்டன. நாளுக்கு மும்முறை 300 மில்லிகிராம் பொடி, மூன்று நாள். நோயாளிகளின் மூச்சுத்திறன் தெளிவாகவே உயர்ந்தது. ஆனால் டெரிஃபிலினும் சால்பியூட்டமாலும் தந்த பயனைவிட அது குறைவாகவே இருந்தது. இது என் மாமியாருக்கு வெற்றியா, தோல்வியா? என் கருத்தில் வெற்றியே. தூதுவளையில் உண்மை உண்டு என்று தெரிந்தது. அதன் எல்லையும் தெரிந்தது. எல்லை தெரிந்த மருந்தே நம்பத்தக்க மருந்து.

அனைத்தினும் நமக்கு அண்மையிலுள்ள சான்று ஒன்று இந்நகரிலேயே உண்டு. பெங்களூர் விவேகானந்த கேந்திரத்தில் டாக்டர் ஆர். நாகரத்னாவும் எச். ஆர். நாகேந்திராவும் யோகப் பயிற்சியை ஆராய்ந்து, 1985ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். 53 நோயாளிகளுக்கு இரண்டு வாரம் ஆசனம், பிராணாயாமம், தியானம் முதலியவற்றைக் கற்பித்து, நாள்தோறும் 65 நிமிடம் செய்யுமாறு கூறினர். அவர்களைப் போன்ற வேறு 53 பேர் வழக்கமான மருந்தை மட்டும் தொடர்ந்தனர். யோகம் செய்தவர்களுக்கு வாரந்தோறும் வரும் இழுப்பின் எண்ணிக்கை குறைந்தது. மருந்தின் தேவையும் குறைந்தது. மூச்சின் வேகம் உயர்ந்தது. அதன்பின் உலகெங்கும் நடந்த ஆய்வுகளை 2016ஆம் ஆண்டில் தொகுத்து ஆராய்ந்தவர்கள், யோகத்தால் சிறிதளவு நன்மை உண்டாகக்கூடும் என்றனர். சிறிதளவாயினும் நன்மை நன்மையே. ஆனால் மருந்துக்கு மாற்றாகவன்று, மருந்தோடு கூடவே அது வரவேண்டும்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், மிருகசீரிடக் கார்த்தியன்று, ஐதராபாத்தில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து விழுங்கச் செய்யும் பத்தினி குடும்பத்தாரை நீங்கள் அறிவீர்கள். 1845ஆம் ஆண்டு முதல் இதை இலவசமாகச் செய்து வருவதாக அவர்கள் கூறுகின்றனர். அதற்காக ரயில் ஏறுவோரின் பைகளில் நம்பிக்கை நிறைந்திருக்கும். அம்மருந்தின் கலவை குடும்ப இரகசியமாதலால், அதை எடைபோட என்னால் இயலாது. போவோரைத் தடுக்கவும் நான் துணியேன். ஒன்றை மட்டும் கைகூப்பி வேண்டுகிறேன்: பையில் இன்ஹேலரும் இருக்கட்டும். திரும்பி வந்த பின்னும் இருக்கட்டும்.

கூட்டு முயற்சிக்குச் சில விதிகள்

ஒற்றைப் பாதையில் இரு ரயில்கள் எதிரெதிரே வரின் விபத்து. ஒன்று பிரதான பாதையிலும் மற்றொன்று பக்கப் பாதையிலும் நிற்குமாயின், இரண்டும் நலமே ஊர் சேரும். டாக்டர் எழுதித் தந்த மருந்தே பிரதான பாதை. நம் இலையும் வேரும் பக்கப் பாதை. நிலைய அதிகாரிக்குத் தெரியாமல் எந்த வண்டியையும் உள்ளே விடலாகாது. எனவே நீங்கள் உண்ணும் சூரணம், லேகியம், கஷாயம் அனைத்தையும் டாக்டரிடம் கூறுங்கள். டாக்டர் தரும் மருந்தைச் சித்த வைத்தியரிடமும் கூறுங்கள்.

இது வெறும் மரியாதைக்காகக் கூறியதன்று. திப்பிலியிலும் மிளகிலும் உள்ள காரச்சத்து, தியோஃபிலின் மருந்தை இரத்தத்தில் மிகச் செய்கிறது. திரிகடுகம் நாள்தோறும் உண்போர் டெரிஃபிலினும் விழுங்குவாராயின், அளவு மிகுந்து நெஞ்சு படபடக்கலாம். அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். உடலின் பொட்டாசியம் குறையும். சால்பியூட்டமாலும் ஸ்டீராய்டு மாத்திரையும் அதே பொட்டாசியத்தைக் குறைப்பவை. இயற்கைப் பொருள் எதுவும் தீங்கு செய்யாது என்பது தவறு. ஊமத்தையும் இயற்கைப் பொருளே.

சமையலறை வைத்தியத்திற்கு நான் தடை சொல்லேன். தூதுவளை ரசம், சுக்குக் காப்பி, பாலில் சிறிது மஞ்சள், மிளகு இட்ட வெந்நீர் ஆகியவை உணவின் அளவில் உள்ளவரை தொண்டைக்கு இதமானவை. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று நம் முன்னோர் சொன்னது ஓரளவு உண்மையே. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. கைக்குழந்தையின் மூக்கில் கற்பூரம் தடவலாகாது. கொதிக்கும் நீர்ப்பாத்திரத்தின் முன் குழந்தையை உட்கார்த்தி ஆவி பிடிக்கச் செய்து சுட்டுக்கொண்ட குடும்பங்களும் உண்டு. சாம்பிராணிப் புகையும் இழுப்புள்ள வீட்டில் ஆகாது.

சித்த மருத்துவம் வேண்டுவோர் முறைப்படி கற்றுப் பதிவு பெற்ற வைத்தியரிடம் செல்லுங்கள். 2005ஆம் ஆண்டு முதல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. ஆடாதோடை மணப்பாகு முதலியவற்றை, பெயரும் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட புட்டியில் வாங்குங்கள். காகிதப் பொட்டலத்தில் பெயரின்றி வரும் பொடியை வாங்காதீர்கள். "அந்த மருந்தை நிறுத்தினால்தான் இந்த மருந்து வேலை செய்யும்" என்று எவர் கூறினாலும், அங்கேயே சிவப்புக் கொடி காட்டித் திரும்பிவிடுங்கள்.

வீட்டைச் சீர்செய்தலே முதல் இயற்கை வைத்தியம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியுமுன் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு நிகர் என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. அதற்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். கரப்பான்பூச்சியை ஒழியுங்கள். காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடியை, இங்குள்ளோர் காங்கிரஸ் புல் என்பார்களே, அதைப் பூக்குமுன் களையுங்கள்; ஆனால் இழுப்பு உள்ளவர் அவ்வேலையில் இறங்க வேண்டா.

ஒரு குறிப்பேட்டின் பயன்

என் தொழில் கணக்கு எழுதுவது. ஆகவே மகளின் மூச்சுக்கும் ஒரு கணக்கு வைத்தேன். பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு குழலைக் காலையிலும் மாலையிலும் ஊதச் செய்து, எண்ணைக் குறித்து வந்தேன். நலமாயிருந்தபோது 240 வரை ஊதினாள். ஒரு தீபாவளிக்கு முன்பு, இருமலும் இல்லை, இழுப்பும் இல்லை. ஆனால் எண் மட்டும் 180க்கு இறங்கியது. டாக்டர் எழுதித் தந்த முறைப்படி மருந்தை உயர்த்தினோம். பட்டாசுப் புகை நிறைந்த அந்த வாரத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க நேரவில்லை. அக்குறிப்பேட்டில் தூதுவளை ரசம் வைத்த நாளும் உண்டு, பிராணாயாமம் செய்த நாளும் உண்டு, இன்ஹேலரை மறந்த நாளும் உண்டு. எது உதவியது என்பதை ஊராரிடம் கேட்கத் தேவையில்லை, ஏடே சொல்லும்.

ஆபத்தின் அடையாளங்களையும் நினைவில் வையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமை, விலாவெலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், நீல இன்ஹேலரின் பயன் நில்லாமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருத்தல் ஆகாது. டாக்டர் சொன்ன அளவில் இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். அந்நேரம் இலைக்குரிய நேரமன்று.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் காலனியில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் ஒளிக்கப்படுவது இன்ஹேலர். அரிசி டப்பாவில் ஒளித்த வீட்டை நான் அறிவேன். மணமான பின் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் குளியலறையில் மருந்து இழுக்கும் மருமகளையும் அறிவேன். கண்ணாடி அணிந்த பெண்ணை நாம் இகழ்வதில்லையே! கண்ணுக்கு உதவும் கருவி போன்றதே மூச்சுக்கு உதவும் கருவியும். நம் சங்கத்துக் குடும்பங்களேனும் இனி இதை ஒளிக்க வேண்டா. கேட்க வந்தவர்களும் இதைக் குறையென்று எண்ண வேண்டா. ஒளிக்கப்பட்ட மருந்து, வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாது. அதை நான் கண்டவன்.

சற்று முன் இம்மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிய சிறுமியருள் ஒருத்தி என் மகள். பாடுமுன் ஒரு மூலையில் நின்று இன்ஹேலர் எடுத்துக்கொண்டாள். வீட்டில் காலையில் பாட்டி கொடுத்த தூதுவளை ரசமும் குடித்துவிட்டே வந்திருக்கிறாள். பாட்டின் கடைசி அடியை மூச்சு விடாமல் அவள் பாடி முடித்தாள். கீழே உட்கார்ந்திருந்த நான்தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

பாட்டியின் இலையைக் கைவிட வேண்டா. டாக்டரின் மருந்தை நிறுத்த வேண்டா. இவ்விரண்டையும் ஒருவருக்கொருவர் தெரிவித்து நடத்துங்கள். நான் செய்த பிழையை இக்காலனியில் இன்னொரு தகப்பன் செய்யாதிருப்பானாயின், இன்று நான் இம்மேடை ஏறியதன் பயன் நிறைவேறியதாகும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!